முதல் கண்காட்சிக்கு எடுத்த வாடகை கேலரி: சுவருக்கு ஐந்து நட்சத்திரம், நேரத்துக்கு இரண்டு

எங்கள் பெண் ஓவியர்கள் குழுவின் முதல் கண்காட்சி ஒருவழியாக முடிந்துவிட்டது. கேலரி எப்படி இருந்தது, நாங்களும் எடுக்கலாமா என்று கேட்டு வரும் செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கேலரியின் பெயர் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், பெயரையும் போட்டு வம்பை விலைக்கு வாங்க குழுவில் யாருக்கும் இஷ்டமில்லை. ஆனால் வாடகைக்கு விடுகிற கேலரி எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

முதலில் தீர்ப்பு. சுவர் நல்ல சுவர். விளக்கு அதைவிட நல்ல விளக்கு. ஆட்கள் மரியாதையானவர்கள், பொறுப்பாளர் மட்டும் ஒரு விஷயத்தில் சறுக்கினார், அதற்கு வருகிறேன். படம் மாட்டுவதற்குக் கொடுத்த நேரம் அநியாயத்துக்குக் குறைவு. திறப்பு விழாவன்று காலையில்தான் சாவி கைக்கு வரும், மாலைக்குள் எல்லாம் சுவரில் இருக்க வேண்டும், அதுதான் அவர்கள் விதி. கேலரி எடுப்பவர்கள் எல்லோரும் வாடகையைப் பற்றித்தான் பேரம் பேசுகிறார்கள். எங்களைப் போன்ற குழுவுக்கு உண்மையான செலவு நேரம்தான். ஒருத்தி இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறாள், ஒருத்தி பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஓட வேண்டும், இன்னொருவர் படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டவே முடியும். ஆண்களுக்கும் வேலை இருக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஏணியில் நிற்கும்போது வீட்டிலிருந்து போன் போட்டு "சீருடை எங்கே இருக்கு" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜூடி சிகாகோ, மிரியம் ஷப்பீரோ என்ற இரண்டு பெண் ஓவியர்கள் தங்கள் மாணவிகளோடு சேர்ந்து ஒரு பாழடைந்த வீட்டை அப்படியே கண்காட்சியாக மாற்றினார்கள், 'வுமன்ஹவுஸ்' என்று பெயர். மக்கள் வந்து பார்த்தது ஜனவரி 30இலிருந்து பிப்ரவரி 28 வரைதான். அதற்கு முன்னால் உடைந்த ஜன்னல்களைச் சரிசெய்ததும் சுவருக்குப் பெயின்ட் அடித்ததும் மாதக்கணக்கில் அந்தப் பெண்களே. அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க்கில் 20 பெண்கள் சேர்ந்து ஏ.ஐ.ஆர். கேலரியைத் திறந்தார்கள், அமெரிக்காவில் பெண் ஓவியர்களே கூட்டாக நடத்திய முதல் கேலரி அது. சொந்த இடம் என்றால் நடுராத்திரியிலும் ஆணி அடிக்கலாம், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். வாடகை இடத்தில் வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, சுவருக்கு வருவோம். வெள்ளை, மேட் பூச்சு, எங்கேயும் பழைய ஆணி ஓட்டை இல்லை. காரணம், இவர்கள் ஆணியே அடிக்க விடுவதில்லை. சுவரின் மேல்விளிம்பில் அலுமினிய ரெயில் ஓடுகிறது, அதிலிருந்து மெல்லிய ஸ்டீல் கம்பிகள் தொங்குகின்றன, கம்பியில் கொக்கியை ஏற்றி இறக்கி வேண்டிய உயரத்தில் திருகி நிறுத்திக்கொள்ளலாம். நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு இது வரம். ஒரே ஒரு எச்சரிக்கை: கொஞ்சம் அகலமான படம் என்றால் ஒற்றைக் கம்பியில் தொங்கவிடாதீர்கள். யாராவது கதவைத் திறந்தால் போதும், மெல்லத் திரும்பி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இரண்டு கம்பி கேளுங்கள், இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள்.

உயரம் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்லியே ஆக வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் வருமாறு மாட்டுவதுதான் பொதுவான வழக்கம், சராசரி ஆளின் கண்மட்டம் அது. எங்களில் குள்ளமானவள் 57க்கு மேல் போனால் கழுத்து வலிக்கும் என்றாள், உயரமானவள் 60க்குக் குறைந்தால் குனிய வேண்டியிருக்கும் என்றாள், 58இல் சமாதானம் ஆனோம். அதன்பிறகு எல்லாம் கணக்குதான். 58ஓடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள், படத்தின் பின்னால் கட்டிய கம்பி இழுபட்டு நிற்கும் இடத்துக்கும் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள், கொக்கி எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும். 30 அங்குல உயரப் படம், கம்பி மேலிருந்து 4 அங்குலம் கீழே என்றால் 58 + 15 − 4, கொக்கி 69இல். இந்தக் கணக்கை ஒவ்வொரு படத்துக்கும் வீட்டிலேயே போட்டு, மாஸ்கிங் டேப்பில் எழுதிப் படத்தின் முதுகில் ஒட்டி எடுத்து வந்திருந்தோம். வந்திருக்காவிட்டால் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் எங்களை ஏணி மேல்தான் பார்த்திருப்பார்கள். ரசமட்டத்தையும் நீங்களே கொண்டு போய்விடுங்கள், கேலரியில் இருந்த ஒன்றே ஒன்றில் குமிழி எந்தப் பக்கம் சாய்த்தாலும் நடுவிலேயே நின்றது.

விளக்குக்குத் தயங்காமல் முழு மதிப்பெண். மேலே டிராக்கில் ஓடும் ஸ்பாட்லைட்டுகள், வேண்டிய இடத்துக்குத் தள்ளித் திருப்பலாம். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் இருக்கிற பல்புகளாகப் போட்டிருக்கிறார்கள். இதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சாதாரண ட்யூப்லைட் போட்ட ஹாலில் சிவப்பு செத்துப்போய்த் தெரியும், தோல் நிறம் சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும், மாதக்கணக்கில் கலந்து கலந்து பிடித்த நிறத்தை யாரோ வாங்கிப் போட்ட மலிவு பல்பு தின்றுவிடும். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் இருந்தார், இந்த கேலரியின் சொத்து அவர்தான். "அக்கா, இத செங்குத்தா மேல இருந்து அடிச்சா பிரேம் நிழல் படத்து மேல விழும், கொஞ்சம் தள்ளி முப்பது டிகிரில வெக்கிறேன்" என்று அவராகவே ஒவ்வொன்றாகத் திருப்பினார். கண்ணாடி போட்ட படங்களின் முன்னால் நின்று, தன் முகம் அதில் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்.

நீர்வண்ணப் படங்களுக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை வைக்கலாம், காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் என்பதுதான் மியூசியங்களில் பின்பற்றும் அளவு, அதற்கு மேல் நாள்கணக்கில் அடித்தால் நிறம் வெளுக்கும். சில நாள் கண்காட்சியில் பெரிதாக எதுவும் ஆகிவிடாது என்று பொறுப்பாளர் சொன்னார், தம்பி அவரிடம் ஒன்றும் பேசாமல் போய் டிம்மரைத் திருகிவிட்டு வந்தார். நீர்வண்ணம் என்றாலே ஓவியத்தில் இரண்டாம் பந்தி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நளினி மலானி, மாதவி பரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் என்ற நம் நாட்டுப் பெண் ஓவியர்கள் நால்வரும் 1987க்கும் 1989க்கும் நடுவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய கூட்டுக் கண்காட்சி நீர்வண்ணத்தில்தான். பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு கண்காட்சி என்ற எண்ணம் மலானிக்கு வந்தது 1979இல், நியூயார்க்கில் மேலே சொன்ன அதே ஏ.ஐ.ஆர். கேலரியில் அங்கிருந்த பெண் ஓவியர்களைச் சந்தித்தபோது. எண்ணம் சுவருக்கு வந்து சேர எட்டு வருடம். எங்களுடைய வாட்ஸப் குழுவில் தேதி முடிவாகாமல் இழுத்த இழுப்பு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது அந்தச் சறுக்கல். எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா, தூரிகை தொடுவதில்லை, ஊசியும் நூலும்தான். அவருடைய படைப்பு ஒரு பழைய பருத்திப் போர்வை. அதில் அவருடைய அம்மாவின் மருந்துச் சீட்டை அப்படியே சிவப்பு நூலால் தைத்திருக்கிறார், டாக்டரின் கோழிக்கிறுக்கல் கூட மாறாமல், 1-0-1, 1-1-1, கடைசி வரியில் ஒரு மாத்திரையின் பெயர் பாதியில் நின்று நூல் அறுபடாமல் தொங்குகிறது. பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, "இத வாசல் பக்கம் மேசைல விரிச்சு வெச்சா கைவினைப் பொருள் மாதிரி அழகா இருக்கும்மா, சுவருல ஓவியத்த மட்டும் வெப்போம்" என்றார். அக்கா சத்தமே போடவில்லை. "மேசைலதான்னா என் பேர பேனர்ல இருந்து எடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். அதன்பிறகு ஹாலில் யாரும் வேலை செய்யவில்லை.

இது இவர் ஒருவருடைய புத்தி என்று சொல்ல மாட்டேன், ரொம்பப் பழைய நோய். லண்டனில் ராயல் அகாடமி என்ற கலை அமைப்பு 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரண்டு பெண்கள் இருந்தார்கள். அடுத்து ஒரு பெண் முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல், லாரா நைட். அந்த அகாடமி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே போட்ட விதிகளில் ஒன்று, ஊசிவேலை, காகித வெட்டு, செயற்கைப் பூ மாதிரியான எதையும் கண்காட்சியில் சேர்க்கக்கூடாது என்பது. பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்யக்கூடியவை எவையோ அவற்றைப் பொறுக்கி எடுத்து வெளியே வைத்த மாதிரி இருக்கும் அந்தப் பட்டியல். பொறுப்பாளருக்கு நாங்கள் வரலாற்று வகுப்பு எடுக்கவில்லை, நேரமும் இல்லை, இது மேசைக்குப் போனால் எல்லாப் படமும் மேசைக்குத்தான் என்று சொன்னோம். பத்து நிமிடத்தில் வழிக்கு வந்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். போர்வையின் மேல்விளிம்பில் பின்பக்கமாக நீளத்துக்கு ஒரு துணி உறை தைத்து, அதற்குள் மரச்சட்டம் நுழைத்து அக்கா தயாராகவே கொண்டுவந்திருந்தார். சட்டத்தின் இரண்டு முனையிலும் கம்பி மாட்டி, நுழைந்ததும் கண்ணில் படும் நடுச்சுவரில் ஏற்றினோம். கண்காட்சி முழுக்க அதிக நேரம் ஆட்கள் நின்றது அதன் முன்னால்தான். நீங்கள் துணி, பின்னல், மண் வேலை எதையாவது வைக்கிறீர்கள் என்றால் எது எந்தச் சுவரில் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே வரைபடமாகக் கொடுத்துவிடுங்கள்.

பிரேம் போட்ட கடை வேறு, கேலரி கைகாட்டிய இடம். வேலை சுத்தம், மூலை இணைப்பில் நகம் கூட நுழையாது. படத்தைச் சுற்றி பிரேமுக்குள் வைக்கும் அட்டையான மவுண்ட் போர்டு மட்டும் அமிலமில்லாதது வேண்டும் என்று நீங்களாகக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சாதாரண அட்டையைத்தான் போடுவார்கள், சில வருடத்தில் படத்தைச் சுற்றி வெட்டிய விளிம்பு பழுத்துப் பழுப்பாகும். மவுண்ட் வெறும் அழகுக்கு இல்லை, கண்ணாடி படத்தின் மேல் ஒட்டாமல் இடைவெளி வைப்பதும் அதுதான். எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று வார்னிஷ் அடிக்கச் சொல்லாதீர்கள், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான கணக்கு. கண்காட்சி தேதியை வைத்து வரைய ஆரம்பித்தால் இது இடிக்கும்.

வண்டிக்காரர்களுக்கு நட்சத்திரமே கிடையாது. அதுவும் வேறொரு சேவை, கேலரிக்குச் சம்பந்தமில்லை. பேக்கிங் நாங்களே செய்து தருகிறோம் என்று பெருமையாக வந்தார்கள். அக்ரிலிக் படத்தின் மேல் பப்பிள் ராப்பை நேரடியாக, அதுவும் குமிழிகள் உள்பக்கமாக வைத்துச் சுற்றி, வெயிலில் நின்ற வண்டிக்குள் அடுக்கினார்கள். அக்ரிலிக் காய்ந்தாலும் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கும், சூடேறினால் பிசுபிசுக்கும். பிரித்துப் பார்த்தால் அழகான கருநீல வானம் முழுக்க வட்ட வட்டமாகத் தழும்பு. பக்கத்தில் போனால்தான் தெரியும், ஆனால் கேலரியில் எல்லோரும் பக்கத்தில்தான் போவார்கள். முதலில் பட்டர் பேப்பர், இன்னும் நல்லது கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய காகிதம், அதற்கு மேல் பப்பிள் ராப், குமிழிகள் வெளிப்பக்கம், நாலு மூலைக்கும் அட்டை. இதை நீங்களே செய்யுங்கள், பெட்டி தூக்க மட்டும் ஆள் வையுங்கள்.

ஒப்பந்தம். பெரிய வணிக கேலரிகள் ஓவியரிடம் வாடகை வாங்குவதில்லை, விற்றால் பாதியை எடுத்துக்கொள்வார்கள், அதுதான் பரவலான நடைமுறை. வாடகை கேலரியில் வாடகை கொடுத்துவிட்டால் விற்பனை முழுக்க நமக்கு என்று நினைப்போம். இவர்கள் வாடகைக்கு மேல் விற்பனையிலும் ஒரு பங்கு கேட்கிறார்கள், அது மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்ப்பவள் ஒருத்தி இருந்ததால் கையெழுத்துக்கு முன்னாலேயே பிடித்து, பேசிக் குறைத்தோம். சேதமானால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற வரியும் இருந்தது, அதை அசைக்க முடியவில்லை. படத்தை வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, அவர்கள் கையெழுத்தும் வாங்கி வைத்தோம், அதற்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. விற்ற பணம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

திறப்பு விழா அமர்க்களம். மைக் நல்ல மைக், நாற்காலி போதுமான அளவு, குளிர்சாதனம் கூட்டத்தைத் தாங்கியது. குறை என்னவென்றால் மேடையை நடுச்சுவருக்கு எதிரில் போட்டுவிட்டார்கள், பேச்சு முடியும் வரை வந்தவர்கள் எல்லோரும் படங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மகள், ஆறு வயசு, விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள் என்று எங்கேயோ கேட்டுவிட்டு, ஸ்டிக்கர் தாளை எடுத்துப் போய் அம்மாவின் படம் அத்தனைக்கும் ஒட்டிவிட்டாள். வாங்க வந்த ஒரு பெரியவர் "எல்லாம் போயிடுச்சா" என்று ஏமாந்துபோய்த் திரும்ப இருந்தார், விளக்குத் தம்பி ஓடிப்போய் அவரை நிறுத்தினார். அதில் ஒரு புள்ளி உண்மையிலேயே அப்படியே இருந்துவிட்டது. அன்றைக்கு இரவு கதவைச் சாத்தும் முன் நாங்கள் போட்ட ஆட்டத்துக்கு கேலரிக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. வாட்ச்மேன் கூட அரைமணி நேரம் தாமதமாகத்தான் சாவியை ஆட்டினார்.

ஆனால் படங்களை நிதானமாகப் பார்த்தவர்கள் மறுநாளிலிருந்து வந்தவர்கள்தான். அதனால் ஆட்களை முறைபோட்டு உட்காரவைப்பது முக்கியம், கேலரி ஊழியர் யாரும் படத்தைப் பற்றி விளக்க மாட்டார்கள், வாசலில் பேர் எழுதச் சொல்வதோடு சரி. உட்கார்ந்தால் இரண்டு கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒன்று, "கழிப்பறை எங்கே". இன்னொன்று, "வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு இதுக்கு எப்போம்மா நேரம் கிடைக்குது". முதல் கேள்விக்கு வாசல் பக்கம் ஒரு பலகை வைத்தால் போதும் என்று கேலரியில் சொல்லியிருக்கிறோம்.

பிரித்து எடுக்கும் நாளிலும் அதே அவசரம். கண்காட்சி முடிந்த கையோடு மாலையிலேயே சுவர் காலியாக வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலை அடுத்த குழு வந்துவிடும். அவர்களுக்கும் பாவம் அன்று மாலையே திறப்பு விழா. காலி நாள் ஒன்று நடுவில் விட்டால் கேலரிக்கு வருமானம் போகும், புரிகிறது. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பாதி வாடகை போட்டுக் கேட்டிருந்தால்கூட நாங்கள் கொடுத்திருப்போம்.

மறுபடி இதே இடத்தை எடுப்போமா என்றால், எடுப்போம். இந்தச் சுவரும் இந்த விளக்கும் இந்தத் தம்பியும் வேறு எங்கேயும் சேர்ந்து கிடைக்க மாட்டார்கள். அடுத்த கண்காட்சிக்குத் தேதி கேட்டு எழுதியிருக்கிறோம், மாட்டுவதற்கு முந்தைய நாள் முழுதாக வேண்டும், மேடை வாசல் பக்கம் வேண்டும், துணி வேலைக்கும் சுவர்தான் என்று மூன்று நிபந்தனையோடு. இரண்டுக்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. முந்தைய நாளைப் பற்றி "பார்க்கலாம்" என்கிறார்கள். அது எழுத்தில் வரும்வரை முன்பணம் வங்கிக்காரியின் கைப்பையிலேயே இருக்கும்.